ஒரே மாமரத்தில் பல ரகங்கள்: கேள்வி பதில்

கேள்வி: பன்னிரண்டு வயதான நாட்டு மாமரம், காயெல்லாம் புளிப்பு. வெட்டாமல் அதிலேயே இமாம்பசந்தும் மல்கோவாவும் வரவழைக்க முடியுமா?

பதில்: முடியும். லக்னோவுக்கு அருகிலுள்ள மலீஹாபாத்தில் கலீமுல்லா கான் ஒரே மரத்தில் முந்நூறுக்கும் மேற்பட்ட மா ரகங்களை ஒட்டி வளர்த்தார். 2008இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். உங்களுக்கு மூன்று ரகங்களே போதும். முதிர்ந்த கிளையில் நேராக ஒட்டாமல், அதைக் குறைத்து வெட்டி, வெட்டுவாயில் கிளைக்கும் தளிர்களில் திடமான இரண்டை மட்டும் விட்டு, அவற்றில் ஒட்டுங்கள். மரத்தை முழுவதும் மொட்டையடித்துவிடாமல், பாதிக் கிளைகளை அடுத்த ஆண்டுக்கு விட்டு வையுங்கள்.

கேள்வி: ஒட்டுக்குச்சியை, அதாவது விரும்பும் ரகத்திலிருந்து வெட்டி ஒட்டும் குச்சியை, எப்படித் தேர்வது?

பதில்: நன்கு காய்க்கும் தாய்மரத்தில், பூக்காத, மூன்று நான்கு மாத வயதுள்ள, பென்சில் பருமனுள்ள நுனிக்குச்சி ஏற்றது. வெட்டுவதற்கு ஒரு வாரம் முன்பே, காம்பை விட்டுவிட்டு இலைகளை மட்டும் நறுக்கிவிட்டால் நுனிமொட்டு பருத்து, ஒட்டியபின் விரைவில் துளிர்க்கும்.

கேள்வி: நான் கட்டிய ஒட்டுகள் எல்லாம் கருகிவிட்டன. எங்கே தவறு?

பதில்: பெரும்பாலும் தோல் பொருந்தாததுதான். பட்டைக்கு அடியிலுள்ள பச்சை அடுக்குகள் ஒன்றையொன்று தொட்டால்தான் ஒட்டு பிடிக்கும். முதல் முறை நான் கட்டிய பத்தில் ஏழு கருகின; மெல்லிய குச்சியைத் தடித்த தளிரின் நடுவில் செருகியிருந்தேன், இருபுறமும் தோல் சேரவில்லை. பருமன் வேறுபட்டால் குச்சியை ஓர் ஓரமாக ஒதுக்கி, அந்தப் பக்கத்துத் தோலையாவது நேராக்குங்கள். ஆப்பு போலச் சீவிய முனை நான்கைந்து சென்டிமீட்டர் இருக்கட்டும். பாலித்தீன் நாடாவால் இறுக்கிச் சுற்றி, மேலே மெல்லிய பாலித்தீன் உறையும் மாட்டுங்கள்.

கேள்வி: மாவில் கொய்யாவை ஒட்டலாமா?

பதில்: ஒட்டாது, இரண்டும் வேறு குடும்பங்கள். முந்திரி மாவின் குடும்பமே என்றாலும் அதுவும் மாவில் நிலைப்பதில்லை.

கேள்வி: பக்கத்துக் கிளையின் சுவை கலந்துவிடுமா?

பதில்: கலக்காது. மகரந்தம் மாறினாலும் சதை அந்தந்தக் கிளையின் ரகமாகவே இருக்கும்.

கேள்வி: ஒரு ரகம் மட்டும் மரத்தையே ஆக்கிரமிக்கிறதே?

பதில்: வேகமாக வளரும் கிளையை ஆண்டுதோறும், அறுவடை முடிந்தவுடன், கவாத்து செய்து, அதாவது வெட்டிக் குறைத்து, அடக்குங்கள். ஒட்டுக்குக் கீழே வரும் நாட்டுத் தளிர்களைக் கண்டவுடன் கிள்ளிவிடுங்கள். ரகப்பெயர் எழுதிய தகட்டைக் கம்பியால் கட்டுபவர்கள் தளர்வாகக் கட்டவும். கிளை பருக்கும்போது கம்பி பட்டைக்குள் புதைந்துவிடும்.