‘மின்கசிவு’ என்று எழுதிப் பழகிய தம்பிக்கு

தம்பி கேட்டது இதுதான். பி.இ. மெக்கானிக்கல் முடித்து, சென்னையில் ஒரு இன்சூரன்ஸ் சர்வேயர் அலுவலகத்தில் இரண்டு வருடம் தீ விபத்துக் கோப்புகள் பார்த்திருக்கிறார். இப்போது மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் தீப் பாதுகாப்புப் பொறியியல் முதுகலைக்கு இடம் கிடைத்திருக்கிறது. “படித்து முடித்து அங்கேயே தீ விபத்து விசாரணை வேலைக்குப் போக முடியுமா அண்ணா? சம்பளம், விசா, வாடகை, சாப்பாடு எல்லாம் எப்படி? நான் பார்த்த கோப்புகளில் பெரும்பாலும் மின்கசிவுதான் காரணம், அதனால் எலக்ட்ரிக்கல் பக்கம் எனக்கு நல்ல பிடிப்பு உண்டு.”

வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் பதில் சொல்ல நூறு பேர் வருவார்கள். அந்தக் கடைசி வரிதான் என்னைப் பிடித்து உட்கார வைத்தது. 2006-ல் ஹூஸ்டனில் தீ விபத்து விசாரணை வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் நானும் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னேன். சொன்ன அன்றே மூக்குடைபட்டேன்.

நமக்கு இது சின்ன வயதிலேயே ஊறிப்போன பழக்கம். காலையில் பேப்பரைப் பிரித்தால் ‘மின்கசிவு காரணமாகத் தீ விபத்து ஏற்பட்டதாக முதற்கட்ட விசாரணையில் தெரியவந்துள்ளது’ என்றிருக்கும். தீ அணைந்து புகை அடங்குவதற்குள் முதற்கட்ட விசாரணை முடிந்திருக்கும். என் அப்பா சாத்தூரில் தீப்பெட்டி ஆபீஸ் கணக்குப்பிள்ளை. அங்கே குடோன் பற்றினால்கூட மின்கசிவு என்றுதான் எழுதினார்கள். அந்த குடோனில் ஒரு பல்புகூடக் கிடையாது.

என் கதைக்கு வருகிறேன். ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டி பக்கம் ஒரு வீடு, கராஜில் தீ. கூரை பாதி இறங்கிவிட்டது, மூலைச் சுவரில் அட்டை உதிர்ந்து மரச்சட்டம் தெரிகிறது. அந்தச் சட்டத்தின் மேலே ஒரு மின்கம்பி அறுந்து தொங்குகிறது. அதன் செம்பு முனையில் மிளகு அளவுக்கு ஒரு உருண்டை, பளபளவென்று. எனக்கு ஒரே சந்தோஷம். என்னோடு வந்தவர் தீயணைப்புத் துறையில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர், என் மேலாளர். அவரிடம் “ஷார்ட் சர்க்யூட்” என்றேன். அவர் பதிலே சொல்லவில்லை. வண்டியில் இருந்து சல்லடையை எடுத்து வந்து கையில் கொடுத்துவிட்டு அந்த மூலையின் தரையைக் காட்டினார்.

மூன்று மணி நேரம் சலித்தேன். ஆகஸ்ட் மாத ஹூஸ்டன் வெயில், முகத்தில் மாஸ்க், முழங்கால் வரை சாம்பல் கலந்த சேறு. முதலில் ஒரு டப்பா மூடி வந்தது. அப்புறம் பெயின்ட் பிரஷ்ஷின் தகரப் பட்டை. கடைசியில், உள்ளங்கை அளவுக்குக் கரிக்கட்டையாக இறுகிப்போன துணிச்சுருள். உடைத்துப் பார்த்தால் வெளிப்பக்கத்தைவிட உள்பக்கம் அதிகமாகக் கருகியிருந்தது. வீட்டுக்காரரிடம் அன்று பகலில் என்ன செய்தீர்கள் என்று கேட்டோம். பின்கட்டில் மரத்தளத்துக்கு எண்ணெய் வார்னிஷ் அடித்தாராம். துடைத்த துணிகளை அட்டைப்பெட்டியில் போட்டு மூலையில் வைத்தாராம்.

ஆளி விதை எண்ணெய் போல உலரும் எண்ணெய்கள் காற்றோடு சேர்ந்து வினைபுரியும்போது சூடு உண்டாகும். துணியை விரித்துப் போட்டால் அந்தச் சூடு காற்றில் போய்விடும். சுருட்டிப் போட்டால் உள்ளேயே தங்கி ஏறிக்கொண்டே போகும். சில மணி நேரத்தில் தானாகப் பற்றும், தீக்குச்சி தேவையில்லை. 1991 பிப்ரவரியில் ஃபிலடெல்ஃபியாவின் 38 மாடி ஒன் மெரிடியன் பிளாசா கட்டடம் எரிந்ததும் இப்படிப்பட்ட எண்ணெய்த் துணிகளால்தான். மூன்று தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள்.

அப்படியானால் அந்தச் செம்பு உருண்டை? தீ மேலே ஏறி, கம்பியின் உறையை எரித்து, கம்பியும் கம்பியும் தொட்டுப் பொறி பறந்ததால் வந்தது. தீ அந்த இடத்துக்கு வந்தபோது கம்பியில் கரன்ட் இருந்தது என்பதை மட்டும்தான் அது சொல்லும். தீயால் ஷார்ட் சர்க்யூட்டா, ஷார்ட் சர்க்யூட்டால் தீயா என்று அந்த உருண்டையை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. இன்னொரு வம்பும் உண்டு. செம்பு உருக 1,085 டிகிரி வேண்டும். ஆனால் உருகிய அலுமினியம் அதன்மேல் சொட்டினால் இரண்டும் கலந்து 550 டிகிரி அளவிலேயே செம்பு கரைந்துபோகும். அதைப் பார்த்து ‘பயங்கர வெப்பம், பெட்ரோல்தான்’ என்று எழுதியவர்களும் உண்டு.

சிரிப்பாகத் தோன்றும். ஆனால் நான் இருக்கும் டெக்சாஸில் இந்த மாதிரி எழுத்தால் ஒரு ஆள் செத்தார். 1991 டிசம்பர் 23, கோர்சிகானா என்ற சிற்றூர். வீடு எரிந்து மூன்று பெண் குழந்தைகள் இறந்தன. அப்பா கேமரூன் டாட் வில்லிங்கம்தான் திரவம் ஊற்றிக் கொளுத்தினார் என்று விசாரணையாளர்கள் சாட்சி சொன்னார்கள். ஜன்னல் கண்ணாடியில் சிலந்தி வலை போல விரிசல், எனவே வெப்பம் வேகமாக ஏறியிருக்கிறது. தரையில் குட்டை குட்டையாகக் கருகல், எனவே எண்ணெய் ஊற்றியிருக்கிறார். இப்படி 20-க்கும் மேற்பட்ட ‘அடையாளங்கள்’. சூடான கண்ணாடியில் தீயணைப்புத் தண்ணீர் பட்டாலே அந்த விரிசல் வரும். 1991 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து மலைப்பகுதி எரிந்த பிறகு அந்த வீடுகளைப் போய்ப் பார்த்து ஆராய்ந்தவர்கள் அதைத்தான் கண்டார்கள். தரைக் கருகலுக்கு எண்ணெய் தேவையில்லை, ஃபிளாஷ்ஓவர் போதும்.

ஃபிளாஷ்ஓவர் என்பதை இப்போதே மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். மூடிய அறையில் கூரைக்கடியில் சூடான புகை அடுக்கு கட்டும். அது 600 டிகிரி அளவுக்கு வந்ததும் கீழே இருக்கும் சோபா, பாய், கம்பளம் எல்லாம் அதன் அனலிலேயே ஏறத்தாழ ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ளும். அதுவரை அது ‘அறைக்குள் தீ’, அதற்குப் பிறகு அறையே தீ. 1990-ல் ஃப்ளோரிடாவின் ஜாக்சன்வில்லில் லைம் ஸ்ட்ரீட் வழக்கு. இதேபோலத் தரைக் கருகலை வைத்து ஒருவர்மேல் கொலைக் குற்றம் சாட்டினார்கள். அரசுத் தரப்பு நிபுணர்கள் பக்கத்திலேயே அதே மாதிரி இருந்த வீட்டில் சோபாவை மட்டும் கொளுத்திப் பார்த்தார்கள். ஐந்து நிமிடத்துக்குள் ஃபிளாஷ்ஓவர், தரையில் அதே கருகல். வழக்கைக் கைவிட்டார்கள். அந்த நிபுணர்களில் ஜான் லென்டினி ஒருவர். அவர் எழுதியதைத் தேடிப் படியுங்கள்.

வில்லிங்கத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 2004 பிப்ரவரி 17 அன்று ஹன்ட்ஸ்வில் சிறையில் விஷ ஊசி போட்டு மரண தண்டனையை நிறைவேற்றினார்கள். நான் டெக்சாஸில் மாணவனாக இறங்கி ஆறு மாதம். அந்த வாரம் நான் கவலைப்பட்டது செகண்ட் ஹேண்ட் கரோலாவுக்கு பேட்டரி மாற்றுவதைப் பற்றி. பின்னால் இந்தத் தொழிலுக்கு வந்து வழக்கைப் படித்தபோதுதான் தேதி உறைத்தது.

இந்த மாதிரி எழுத்துக்கு வந்த கட்டுப்பாடுதான் 1992-ல் முதல் பதிப்பு கண்ட என்எஃப்பிஏ 921, அதாவது இங்குள்ள தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கத்தின் தீ விசாரணை வழிகாட்டி. படிப்பு தொடங்குமுன் வாசித்துவிடுங்கள். சாரம் எளிது: எங்கே தொடங்கியது என்று முதலில் கண்டுபிடி, எதனால் என்பது அப்புறம். எரிந்த முதல் பொருள் எது, பற்ற வைத்த சூடு எது, இரண்டும் எப்படிச் சந்தித்தன? மூன்றுக்கும் பதில் இருந்தால்தான் காரணம் என்று எழுதலாம். இடம் தப்பினால் காரணமும் தப்பும். இடம் கண்டுபிடிப்பது சுலபம் என்று நினைக்காதீர்கள். 2005-ல் லாஸ் வேகஸில் ஏடிஎஃப் (தீவைப்பு, வெடிகுண்டு வழக்குகளை விசாரிக்கும் மத்திய அரசு அமைப்பு) ஆட்கள் ஒரு சோதனை வைத்தார்கள். ஃபிளாஷ்ஓவருக்குப் பிறகு இரண்டு நிமிடம் எரிய விட்ட இரண்டு அறைகள், 53 விசாரணையாளர்கள். அறையை நான்காகப் பிரித்தால் தீ எந்தக் கால் பகுதியில் தொடங்கியது? ஒவ்வொரு அறைக்கும் சரியாகச் சொன்னவர்கள் 3 பேர். கண்ணை மூடிக்கொண்டு கை வைத்திருந்தாலே 13 பேருக்குச் சரியாக வந்திருக்கும்.

நம் ஊர் ஆட்களுக்கு நான் எப்போதும் சொல்லும் எச்சரிக்கை, கழித்துக்கட்டும் பழக்கம். ‘அடுப்பு இல்லை, வயர் இல்லை, சிகரெட் இல்லை, அப்படியானால் யாரோ கொளுத்தியிருக்கிறார்கள்.’ இதை இங்கே நெகட்டிவ் கார்ப்பஸ் என்பார்கள். சாட்சியம் இல்லாததையே சாட்சியமாக்குவது. 921-ன் 2011 பதிப்பு இது அறிவியல் முறைக்கு ஒவ்வாது என்று சொல்லிவிட்டது. ஆனாலும் பெரிய இடங்களிலேயே இந்தச் சண்டை ஓயவில்லை. 2013 ஏப்ரல் 17 அன்று டெக்சாஸின் வெஸ்ட் என்ற ஊரில் உரக் கிடங்கில் தீப்பிடித்து அமோனியம் நைட்ரேட் வெடித்தது. 15 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் தீயணைக்கப் போனவர்கள். மூன்று வருடம் கழித்து ஏடிஎஃப் அது திட்டமிட்டு வைத்த தீ என்று அறிவித்தபோது, இது கழித்துக்கட்டி வந்த முடிவு என்று துறைக்குள்ளேயே பலர் எதிர்த்தார்கள். அந்தத் தீயை வைத்ததாக யாரும் தண்டிக்கப்படவில்லை.

அதனால் ‘தீர்மானிக்க முடியவில்லை’ என்று எழுதப் பழகுங்கள். நமக்கு அது நாக்கில் வராது. பரீட்சையில் ஒரு கேள்வியைக்கூட விடாமல் ஏதாவது எழுதி வைத்தவர்கள் நாம். பணம் கொடுக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் அது பிடிக்காது. நேரடியாகச் சொல்ல மாட்டார்கள், “இன்னும் கொஞ்சம் பாருங்களேன்” என்பார்கள். போனில் அம்மா, “அந்த வீடு எதனாலப்பா எரிஞ்சது?” என்று கேட்பாள். “தெரியலம்மா” என்பேன். “இதுக்கா உனக்குச் சம்பளம் தர்றான்?” என்பாள்.

வெடிப்பு விஷயத்தில் ஒன்று மட்டும். நீங்கள் சிலிண்டர் காஸ் ஊரில் இருந்து வருகிறீர்கள். அது காற்றைவிடக் கனம், தரையில் படியும். இங்கே வீடுகளுக்குக் குழாயில் வருவது பெரும்பாலும் மீத்தேன், காற்றைவிட லேசு, மேலே போகும். காற்றில் 5 முதல் 15 சதவீதம் இருந்தால்தான் பற்றும். இதைப் படித்தவுடன், சுவரின் கீழ்ப்பக்கம் பிய்ந்திருந்தால் கனமான வாயு, மேல்பக்கம் பிய்ந்திருந்தால் லேசான வாயு என்று ஒரு முடிவு தோன்றும். எனக்கும் தோன்றியது. தப்பு. சுவர் எங்கே பலவீனமாக ஆணி அடித்திருக்கிறதோ அங்கேதான் பிய்யும். காஸுக்குச் சுயமாக மணமும் கிடையாது. 1937 மார்ச் 18 அன்று இதே டெக்சாஸில் நியூ லண்டன் பள்ளிக்கூடத்தில் மணமில்லாத காஸ் தேங்கி வெடித்து 300 பேர் அளவுக்கு இறந்தார்கள், பெரும்பாலும் பிள்ளைகள். அதற்குப் பிறகுதான் நாற்றம் கலக்கச் சட்டம் வந்தது. இந்தச் செய்தியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கும்பகோணம் நினைவு வரும், 2004 ஜூலை, 94 குழந்தைகள்.

அப்புறம், கை. நம்மவர்கள் கையில் ஸ்க்ரூடிரைவர் கிடைத்தால் சும்மா இருக்க மாட்டோம். எரிந்த ஃபிரிட்ஜைக் கண்டால் கழற்றத் தோன்றும். கழற்றாதீர்கள். அதைத் தயாரித்தவர், விற்றவர், பழுது பார்த்தவர் எல்லோருக்கும் தகவல் கொடுத்து எல்லோர் முன்னிலையிலும்தான் பிரிக்க வேண்டும். ஒரு டேபிள் ஃபேனின் மூடியை நான் தனியாகத் திறந்ததால் எங்கள் கட்சிக்காரரின் வழக்கே ஆட்டம் கண்டது. வேலை போகாமல் தப்பியது அந்தப் பெரியவரின் புண்ணியம். மாதிரி எடுக்கும்போது ஒவ்வொன்றுக்கும் புதுக் கையுறை, புதுத் தகர டப்பா. எரியாத இடத்தில் இருந்து ஒப்பிட ஒரு மாதிரி. பெட்ரோல் வாசனை இருப்பதாக மோப்ப நாய் உட்கார்ந்து காட்டினால் மட்டும் போதாது, ஆய்வகம் உறுதி செய்ய வேண்டும். மாஸ்க் இல்லாமல் நுழைவதைப் பெருமையாகச் சொல்லும் பழைய ஆட்களை நம்பாதீர்கள். தீ அணைந்த வீட்டின் காற்றும் விஷம்தான்.

விசா, வேலை என்றால்: அரசுப் பக்கம், அதாவது ஃபயர் மார்ஷல், போலீஸ் வகை வேலைகளுக்குப் பொதுவாகக் குடியுரிமை கேட்பார்கள், மறந்துவிடுங்கள். நமக்கு வாசல் தனியார் பொறியியல் நிறுவனங்கள். எஃப்இ என்ற பொறியியல் அடிப்படைப் பரீட்சையைப் படிக்கும்போதே எழுதுங்கள், பிஇ (நம் பி.இ. பட்டம் அல்ல, ‘புரொஃபஷனல் இன்ஜினியர்’) உரிமம் பின்னால் வரும். தீ விசாரணையாளர் சான்றிதழும் அனுபவத்துக்குப் பிறகுதான். சிஎஃப்ஐ டிரெய்னர் என்ற இணையதளத்தில் பாடங்கள் இலவசம். கார் ஓட்டத் தெரியாமல் இந்த வேலைக்கு வர முடியாது. சம்பளம் ஐடி அளவுக்கு இருக்காது, குடும்பம் நடத்தலாம்.

ஐடி என்றதும் நினைவு வருகிறது. தமிழ்ச் சங்கப் பொங்கலில் என்னைப் பார்த்தாலே “இன்னும் ஃபயர் சர்வீஸ்லதான் இருக்கீங்களா, டேட்டா பக்கம் வந்துடலாமே?” என்று கேட்கும் கூட்டம் ஒன்று உண்டு. இருபது வருடமாகக் கேட்கிறார்கள். அதே ஆள் வீட்டுக்கு விருந்துக்குப் போனால், தாளிக்கும்போது கத்துகிறது என்று ஸ்மோக் அலாரத்துக்குப் பாலித்தீன் உறை மாட்டி ரப்பர் பேண்ட் போட்டிருப்பார். மாதக் கணக்கில் அப்படியே இருக்கும். கராஜில் காஸ் அடுப்பு வைத்து நூறு பேருக்கு வடை சுடுவார், பக்கத்தில் பெட்ரோல் கேன். நான் போன வீட்டில் எல்லாம் நாற்காலி போட்டு ஏறி உறையைக் கழற்றிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவேன். மனைவிக்கு மானம் போகும். இந்த நாட்டில் வீட்டுத் தீக்கு முதல் காரணம் சமையல், தம்பி. அடுப்பை விட்டு நகர்வதுதான் பிரச்சினை, அலாரம் அல்ல.

என் உச்சரிப்பைப் பற்றியும் கேட்பீர்கள். முதல் டெபொசிஷனில், அதாவது வழக்கு விசாரணைக்கு முன் வக்கீல்களிடம் கொடுக்கும் வாக்குமூலத்தில், எதிர்த்தரப்பு வக்கீல் என்னை ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு முறை சொல்ல வைத்தார், அவருக்குப் புரியாததால் அல்ல. மூன்றாவது மணி நேரத்தில் எனக்கே சாத்தூர்ப் பிடிவாதம் வந்துவிட்டது. மெதுவாக, எழுத்து எழுத்தாக, அறிக்கையின் பக்க எண்ணோடு சொன்னேன். அதற்குப் பிறகு யாரும் என்னைத் திருப்பிச் சொல்லச் சொல்வதில்லை.

வாடகை பற்றி மேரிலாண்ட்காரர்களைக் கேளுங்கள். பூட்ஸ் ஊரில் வாங்காதீர்கள், இங்கே உள்ளங்காலுக்கு இரும்புத் தகடு வைத்தது கிடைக்கும். ஆணி ஏறாது. கோடை விடுமுறையில் ஹூஸ்டன் பக்கம் வர முடிந்தால் எழுதுங்கள். அந்தப் பெரியவர் ஓய்வு பெற்றபோது கொடுத்துவிட்டுப் போன கால் அங்குலக் கண் சல்லடை ஒன்று என் கராஜில் சும்மாதான் கிடக்கிறது.