வீட்டில் தீ: இம்முறை வந்த கேள்விகள்

மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு பக்கமிருந்தும் கடிதங்கள் வந்திருக்கின்றன. என்ன சாமான், என்ன வயர், வீடு எப்படி என்று விவரமாக எழுதுங்கள் என்றால் பலர் கேட்பதில்லை.

வயர் சுடுகிறது. என்ன செய்யலாம்? (ஊர் எழுதவில்லை)

எந்த வயர்? கேத்தலுடையதா, ஃபிரிட்ஜுடையதா? ஒன்றும் சொல்லாமல் கேட்டால் நான் என்னத்தைச் சொல்ல? கை வைக்க முடியாத அளவு சுட்டால் இன்றைக்கே கழற்றுங்கள். 13 அம்பியர் பிளக் சுமார் 3,000 வாட்ஸ் தாங்கும். கடையில் மலிவாக விற்கும் மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயர் அதில் பாதியும் தாங்காது. சுருட்டி வைத்தபடியே பாவித்தால் இன்னும் மோசம்.

எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றலாமா? (ஏறாவூர்)

கூடவே கூடாது. தண்ணீர் எண்ணெய்க்கு அடியில் போய் ஒரே கணத்தில் ஆவியாகி 1,700 மடங்கு விரிந்து, எரியும் எண்ணெயைக் கூரைவரை வீசும். காஸை நிறுத்தித் தாச்சியை மூடுங்கள். ஆறும்வரை திறக்கவும் வேண்டாம், தூக்கிக்கொண்டு ஓடவும் வேண்டாம்.

மழைக்காலத்தில் ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுந்தது. வயரிங் தம்பி ஒருவர் அதை விட்டுவிட்டு நேரடியாகத் தொடுத்துத் தந்தார். இப்போது பிரச்சினை இல்லை. சரிதானே? (கல்முனை)

பிரச்சினை அப்படியேதான் இருக்கிறது. அதைக் காட்டித் தந்த ஒரே சாமானைத்தான் கழற்றிவிட்டீர்கள். இதைப் பற்றி எழுதி எழுதி அலுத்துவிட்டேன், ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

ட்ரிப் சுவிட்ச் சும்மா விழாது. போகிற கரன்டுக்கும் திரும்பி வருகிற கரன்டுக்கும் 30 மில்லி அம்பியர் அளவு வித்தியாசம் வந்தால் விழும். அந்த வித்தியாசம் எங்கேயோ கசிகிறது என்று அர்த்தம். ஈரச் சுவருக்குள்ளோ, மோட்டருக்குள்ளோ, கூரை மரத்தோடு ஓடும் பழைய வயரிலோ இருக்கலாம். கசிவு கூடக் கூட அந்த இடம் சூடேறித் தீப்பிடிக்கும். அதற்கு முன் ஒரு பிள்ளை வெறுங்காலோடு ஃபிரிட்ஜைத் தொட்டால் உயிரே போய்விடும்.

செய்ய வேண்டியது இதுதான். இன்றைக்கே மெயினை நிறுத்தி, தெரிந்த ஒருவரைக் கொண்டு ட்ரிப் சுவிட்சைப் பழையபடி மாற்றுங்கள். பிறகு எல்லா பிளக்கையும் கழற்றுங்கள். சுவிட்சை ஏற்றுங்கள். பிறகு ஒவ்வொன்றாகச் செருகுங்கள். எதற்கு விழுகிறதோ அதில்தான் பிழை. பெரும்பாலும் கிணற்று மோட்டர் அல்லது பழைய கேத்தலாக இருக்கும். ஒன்றும் செருகாமலே விழுந்தால் வயரிங்கில் பிழை. வெளிச்சுவர் லைட்டில் இருந்து தேடச் சொல்லுங்கள். தேடிப் பிடிக்க அரை நாள் போகும், நேரடியாகத் தொடுக்கக் கால் மணித்தியாலம் போதும். கூலி வாங்கிக்கொண்டு அந்தக் கால் மணி வேலையைச் செய்பவரை மறுபடி வீட்டுக்குள் விடாதீர்கள்.

மாதம் ஒருதரம் டெஸ்ட் பட்டனை அமத்திப் பாருங்கள். விழாவிட்டால் சுவிட்ச் பழுது. அப்புறம், ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே என்று ஒரே மல்ட்டிபிளக்கில் ஐந்தாறு சாமான் செருகாதீர்கள். அது கசிவுக்கு. கரன்ட் பாரம் கூடினால் விழுவது எம்.சி.பி. என்ற வேறு சுவிட்ச்.

இரவில் அறைக்குள் மீன் மணக்கிறது. வீட்டில் மீனே இல்லை. (களுவாஞ்சிக்குடி)

கவனித்து எழுதியிருக்கிறீர்கள் தங்கச்சி, நன்றி. சூடேறிக் கருகும் பிளக் பேஸ் பல நேரம் மீன் போலத்தான் மணக்கும். நம் கடற்கரை ஊர்களில் அதை யாரும் சந்தேகப்படுவதில்லை. மெயினை நிறுத்திவிட்டு ஒவ்வொரு பேஸாகப் பாருங்கள். ஓட்டையைச் சுற்றி மண்ணிறமாக இருந்தால் அதுதான். உள்ளே திருகாணி தளர்ந்து, உப்புக்காற்றில் செம்பு பச்சை பூத்திருக்கும். இப்படித் தளர்ந்த தொடுப்பு சூடாவதை ட்ரிப் சுவிட்சும் காணாது, எம்.சி.பி.யும் காணாது. பேஸை மாற்றி, வயர் நுனியை வெட்டிப் புதிதாகத் தொடுக்கச் செய்யுங்கள்.

சருகு கொளுத்த நல்ல நேரம் எது? (திருக்கோவில்)

கச்சான் காற்று வீசும் மாதங்களில் எந்த நேரமும் இல்லை. கிடுகு வேலிக்கு ஒரு பொறி போதும். சருகைத் தென்னைக்கு அடியில் புதையுங்கள்.

இரவில் காஸ் மணத்தால் லைட் போட்டுப் பார்க்கலாமா? (ஆரையம்பதி)

போடவும் வேண்டாம், எரிகிற லைட்டை நிறுத்தவும் வேண்டாம். சுவிட்சுக்குள் வரும் பொறியே போதும். ரெகுலேட்டரை மூடி, கதவுகளைத் திறந்து வெளியே வாருங்கள். காஸ் காற்றைவிடப் பாரம், தரையோடு படிந்து கிடக்கும். ஜன்னல் மட்டும் திறந்தால் போதாது. 2021 கடைசியில் நாடெங்கும் காஸ் வெடித்தபோது எல்லோரும் சவர்க்கார நுரை பூசிக் கசிவு பார்த்தோம். இப்போதும் சிலிண்டர் மாற்றும் ஒவ்வொரு தரமும் பாருங்கள்.

கரன்ட் போனால் குப்பி விளக்குத்தான். ஆபத்தா? (வாகரை)

சரிந்தால் பெரிய ஆபத்து. இப்படி எரிந்து வந்தவர்களுக்கு வைத்தியம் பார்த்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, அதற்காகவே ‘சுதீப’ விளக்கைச் செய்தார். குட்டையான, பாரமான கண்ணாடி. உருண்டோடாதபடி இரண்டு பக்கம் தட்டை, மேலே திருகு மூடி. 1998இல் அதற்கு ரோலக்ஸ் விருது கிடைத்தது. அது கிடைக்காவிட்டால் டோர்ச் வாங்குங்கள். எரிகிற விளக்குக்கு மண்ணெண்ணெய் ஊற்றவே வேண்டாம்.

நுளம்புத்திரியைக் கட்டிலுக்குக் கீழே வைக்கலாமா? (அக்கரைப்பற்று)

கூடாது. தகரத் தட்டில், துணி எட்டாத இடத்தில் வையுங்கள். நுளம்பு வலை இருந்தால் திரியே வேண்டாம்.