இருக்கும் தசையை இடம் மாற்றினால் கை நீளுமா?

கேள்வி: என் தம்பிக்குக் கழுத்துத் தண்டுவடத்தில் அடிபட்டு 2 ஆண்டுகள் ஆகின்றன. முழங்கையை மடக்குகிறான், மணிக்கட்டை உயர்த்துகிறான். ஆனால் முழங்கையை நீட்டவோ எதையும் பிடிக்கவோ இயலவில்லை. தசைநாண் இடமாற்று அறுவை சிகிச்சை செய்யலாம் என்கிறார்கள். இவ்வளவு காலம் கழித்துச் செய்தால் பயன் உண்டா? இருக்கும் அசைவும் போய்விடாதா?

பதில்: இந்தச் சிகிச்சையில் தண்டுவடத்தைத் தொடுவதே இல்லை. காயத்துக்கு மேலுள்ள நரம்புகளால் இன்னும் நன்றாக இயங்கும் தசையொன்றின் நாணை (தசையை எலும்போடு பிணைக்கும் கயிறு போன்ற பகுதியை) அதன் இடத்திலிருந்து விடுவித்து, செயலிழந்த தசையின் நாணோடு இணைத்துத் தைக்கிறார்கள். நரம்பு இடமாற்று சிகிச்சைக்குத்தான் காலக்கெடு பெரிதும் முக்கியம். தசைநாண் இடமாற்றைப் பல ஆண்டுகள் கழித்தும் செய்யலாம்.

உங்கள் இரண்டாவது அச்சம் நியாயமானது. ஆனால் உடல் சில அசைவுகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தசைகளை வைத்திருக்கிறது. முழங்கையை மடக்க முக்கியமாக மூன்று தசைகள் உள்ளன. அவற்றில் முன்கையில் உள்ளதைக் கட்டைவிரலை மடக்கும் நாணோடு இணைத்தாலும், மற்ற இரண்டும் மடக்கும் வேலையைப் பார்த்துக்கொள்ளும். தசை வலிமையை 0 முதல் 5 வரை அளப்பார்கள்; இடம் மாறும் தசை பொதுவாக அதில் ஒரு படியை இழப்பதால், ஐந்துக்கு நான்கு என்ற அளவிலேனும் வலிமையுள்ள தசையையே தேர்ந்தெடுப்பார்கள்.

முழங்கையை நீட்டுவதற்கு, ஸ்வீடன் நாட்டு அறுவை நிபுணர் எரிக் மோபெர்க் 1970களில் பரவலாக்கிய முறையில், தோள்தசையின் பின்பகுதியை மேற்கையின் பின்தசையோடு இணைப்பார்கள்; நீளம் போதாது என்பதால் பெரும்பாலும் காலிலிருந்து எடுத்த நாண் ஒன்று இடையே பாலமாகிறது. படுத்தபடி கையை உயர்த்தினால் அது மடங்கி முகத்தில் விழுவதைத் தம்பி அனுபவித்திருப்பார். அது நின்றாலே பெரிய விடுதலைதான். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலின் பக்கவாட்டுக்கும் இடையே கரண்டியையோ பேனாவையோ பிடிக்கும் திறனும் கிடைக்கக்கூடும். விரல்களைத் தனித்தனியாக அசைப்பதையும் இழந்த தொடு உணர்வையும் மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்.

ஒரு விஷயத்தை இன்றே கவனியுங்கள். மணிக்கட்டை உயர்த்தும்போது விரல்கள் தாமாக மடங்குவதே இப்போது அவருக்குள்ள பிடி. வீட்டார் நல்லெண்ணத்தில், மணிக்கட்டைப் பின்னே வளைத்தபடி விரல்களையும் நீட்டி இழுத்தால் அந்தப் பிடி தளர்ந்துவிடும். முழங்கை மடங்கியே இறுகிவிடாமல் பார்த்துக்கொள்வதும் அவசியம்.

அறுவைக்குப் பின் சுமார் 3 மாதம் அந்தக் கையை ஊன்றி எழவோ சக்கர நாற்காலியைத் தள்ளவோ கூடாது. அதாவது, இப்போது தானாகச் செய்யும் சிலவற்றுக்கும் அவர் பிறரைச் சார்ந்திருப்பார். ஆகவே தேதி குறிக்கும் முன், உடனிருக்கப் போகிறவர் யார் என்பதைக் குடும்பத்தில் முடிவு செய்யுங்கள்.