டப்பிங் பேசிய என் குரலை ஏஐ மூலம் நகலெடுத்தால் தடுக்க முடியுமா?

2015-இல் டப்பிங் பேசிக் கொடுத்த நிறுவனம், அந்தப் பதிவுகளை ஏஐ-க்குக் கொடுத்து, நீங்கள் பேசவே பேசாத விளம்பரங்களை உங்கள் குரலில் ஓடவிடுகிறது, பதிப்புரிமை என்று சொல்லித் தடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தடுக்க வழி இருக்கிறது, ஆனால் ‘என் குரலுக்குப் பதிப்புரிமை’ என்று ஆரம்பித்தால் முதல் படியிலேயே சறுக்கும்.

நான் வக்கீல் இல்லை. என் தங்கை டப்பிங் கலைஞர், அவளுக்கு வரும் ஒப்பந்தங்களை வரிவரியாகப் படிப்பது நான்தான், அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

பதிப்புரிமை ஒலிப்பதிவுக்கு உண்டு, குரலுக்குக் கிடையாது. அந்தப் பதிவும் பெரும்பாலும் காசு கொடுத்தவர் கையில்தான் இருக்கும். அமெரிக்காவில் லோவோ என்ற நிறுவனத்தின் மீது இரண்டு குரல் கலைஞர்கள் போட்ட வழக்கும் இங்கேதான் சிக்கியது. வேறு காரணம் சொல்லிப் பதிவு வாங்கிக்கொண்டு, அதை வைத்து ஏஐ குரல் செய்து விற்றார்கள் என்பது புகார். 2025 ஜூலையில் நியூயார்க் நீதிமன்றம் டிரேட்மார்க் வாதத்தையும் பதிப்புரிமை வாதத்தில் பெரும்பகுதியையும் தள்ளிவிட்டது. ஆனால் அனுமதி இல்லாமல் ஒருவர் குரலை வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்கிற அந்த மாநிலச் சட்டத்தின்படி வழக்கு தொடரலாம் என்றது.

இந்தியாவில் 2024 ஜூலையில் பாடகர் அர்ஜித் சிங் வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம், அனுமதியின்றி ஏஐ மூலம் அவர் குரலை உருவாக்குவது ஆளுமை உரிமை (பெயர், முகம், குரல் போன்ற தன் அடையாளத்தின் மீது ஒருவருக்கு இருக்கும் உரிமை) மீறல் என்று இடைக்கால உத்தரவு போட்டது. நல்ல உத்தரவுதான், ஆனால் அது பிரபலம் என்ற அடிப்படையில் நிற்கிறது. முகம் தெரியாமல் பேசுகிறவர்களுக்கு அது அப்படியே கிடைக்கும் என்று நம்பி உட்கார முடியாது, எனக்கு மனசு ஆறாத இடம் இதுதான்.

உங்களுக்கு இன்னும் பலமான பிடி 2012 திருத்தத்துக்குப் பிறகான இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. உரிமையை எழுதிக் கொடுத்த நாளில் இல்லாத, அல்லது வணிகத்துக்கே வராத ஒரு பயன்பாட்டு முறைக்கு, அதைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருந்தால் ஒழிய, அந்த ஒப்பந்தம் பொருந்தாது என்று பிரிவு 18 சொல்கிறது. பிரிவு 39ஏ அதைக் கலைஞர்களின் நிகழ்த்துரிமைக்கும், அதாவது தாங்கள் நிகழ்த்திக் கொடுத்ததன் மீது அவர்களுக்கு உள்ள உரிமைக்கும், பொருத்துகிறது. 2015 ஒப்பந்தத்தில் குரல் நகலைப் பற்றி ஒரு வார்த்தையாவது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் வக்கீலிடம் இந்த இரண்டு பிரிவுகளையும் சொல்லுங்கள்.

இனிமேல் போடும் கையெழுத்துக்கு: ‘எல்லாத் தொழில்நுட்பங்களிலும், உலகம் முழுவதும், நிரந்தரமாக’ என்ற வரி என் தங்கைக்கு வந்த ஒப்பந்தத்திலும் இருந்தது. அந்த வரியை அடித்து நீக்கச் சொன்னோம், முணுமுணுத்துக்கொண்டே நீக்கினார்கள். கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல், டிஜிட்டல் நகலை எதற்குப் பயன்படுத்துவோம் என்று தெளிவாகச் சொல்லாமல், கலைஞருக்காக வக்கீலோ சங்கமோ பேசாமல் போட்ட இப்படிப்பட்ட ஷரத்து செல்லாது. நமக்கு அப்படி ஒரு சட்டம் வரும்வரை நாமே அடிக்கச் சொல்ல வேண்டியதுதான்.

அப்புறம், அந்த விளம்பரங்கள் நீக்கப்படுவதற்கு முன்பே தேதியோடு பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நோட்டீஸ் அனுப்புவதெல்லாம் அதற்குப் பிறகு.