பூங்கா காட்டிய இடத்தில் பில்லர் எழும்புகிறது!
வீடும் சட்டமும்: வாசகர் கேள்விகளுக்கு வழக்கறிஞர் பதில்

மேடவாக்கம் வாசகி: 96 பிளாட் உள்ள வளாகத்தில் நான்கு வருஷமாகக் குடியிருக்கிறோம். விற்கும்போது கொடுத்த புரோஷரில் பின்பக்கம் குழந்தைகள் பூங்கா, நடைபாதை என்று படம் போட்டிருந்தார்கள். போன மாதம் அங்கே ஜேசிபி வந்தது. இப்போது பில்லருக்குக் கம்பி கட்டுகிறார்கள். கேட்டால், "அது இரண்டாம் கட்டம். நீங்கள் எல்லாரும் அக்ரிமென்ட்டில் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டவர்கள்தானே?" என்கிறார் பில்டர். ஆறு பிளாட் இன்னும் அவர் கையிலேயே இருக்கிறது. என் கிரயப் பத்திர நகலை இணைத்திருக்கிறேன். எங்களுக்கு வழி உண்டா?

உண்டு, சகோதரி. உங்கள் பத்திரத்தை ஒரு வரி விடாமல் படித்தேன். பில்டர் சொல்வதை அப்புறம் பார்ப்போம். முதலில் பத்திரத்தின் ஷெட்யூல், அதாவது சொத்து விவரப் பட்டியல், என்ன சொல்கிறது என்று பார்க்கலாம்.

'ஏ' ஷெட்யூலில் மொத்த நிலம் 1 ஏக்கர் 20 சென்ட், அதாவது 52,272 சதுர அடி. 'பி' ஷெட்யூலில் உங்களுக்கு எழுதிக் கொடுத்த பிரிபடாத பங்கு, நாம் யுடிஎஸ் என்று சொல்வது, 540 சதுர அடி. எல்லாருக்கும் சராசரியாக இதே அளவு என்றால் 96 பிளாட்டுக்கும் சேர்த்து 51,840 சதுர அடி ஆகிறது. மிச்சம் 432 சதுர அடி. அதில் ஒரு பிளாக் எழுப்ப நிலம் எங்கிருந்து வந்தது? பத்திரம் பதிந்து நிலத்தின் பங்கை உங்களுக்கு விற்றுவிட்டவர், அதே நிலத்தை 'எங்கள் நிலம்' என்று சொல்ல முடியாது. ஆனால் நான் பார்த்தது உங்கள் ஒருவர் பத்திரம் மட்டும். அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களின் 'பி' ஷெட்யூல்களையும் வாங்கி, ஒரு நோட்டில் வரிசையாக எழுதிக் கூட்டுங்கள். கிடைக்காதவற்றுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் மனு போடுங்கள். கூட்டுத்தொகை பத்துப் பன்னிரண்டாயிரம் சதுர அடி குறைந்தால், பில்டர் தன் பங்கை ஆரம்பத்திலேயே ஒதுக்கி வைத்திருக்கிறார் என்று பொருள். அப்போது வழக்கின் முகமே வேறு. அதைக் கட்டாயம் தெரிந்துகொண்டுதான் அடுத்த அடி வைக்க வேண்டும்.

அடுத்தது, அனுமதி வரைபடம். உங்கள் திட்டம் தமிழ்நாடு ரெராவில், அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில், பதிவானது என்பதால் அதன் இணையதளத்தில் பதிவு எண்ணைப் போட்டாலே பிளான் கிடைக்கும். இல்லையென்றால் சிஎம்டிஏவில் (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) தகவல் உரிமைச் சட்டப்படி கேளுங்கள். சில வருஷங்களுக்கு முன் வேளச்சேரிப் பக்கம் ஒரு வளாகத்துக்காரர்கள் இப்படித்தான் பிளானை வாங்கி வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்கள். ஸ்டில்ட் தளத்தில், அதாவது கட்டடத்தின் அடியில் தூண்களுக்கு நடுவே கார் நிறுத்தும் இடத்தில், கேரம் போர்டைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் பிளானை விரித்தோம். அங்கே குடியிருந்த ஓய்வுபெற்ற சர்வேயர் ஒருவர் ஸ்கேலை வைத்து அளந்து எண்களைச் சொல்லச் சொல்ல, இரண்டு பையன்கள் வெளியே டேப்பைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். பிளானில் திறந்தவெளி என்று இருந்த இடத்தில் ஜெனரேட்டர் அறையும், பூட்டிய ஒரு குடோனும் நின்றன. அதுவரை 'பில்டர் ஏமாற்றிவிட்டார்' என்று பொதுவாகச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தவர்கள், அன்று சாயங்காலம் எத்தனை மீட்டர், எந்த மூலை என்று பேச ஆரம்பித்தார்கள். வழக்குக்கு வேண்டியது அந்தப் பேச்சுதான்.

சட்டத்துக்கு வருகிறேன். 2016-ஆம் ஆண்டு ரெரா சட்டத்தின் 14(2) பிரிவு, அனுமதி பெற்ற பிளானையோ பொது இடங்களையோ மாற்ற வேண்டுமானால், வீடு வாங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேரின் எழுத்துபூர்வச் சம்மதத்தை முன்கூட்டியே பெற வேண்டும் என்கிறது. பில்டர் கையில் உள்ள ஆறு பிளாட் இந்தக் கணக்கில் வராது. மீதி 90 பேர் என்றால் 60 கையெழுத்து வேண்டும். ஒரே குடும்பத்தின் பேரில் ஐந்து பிளாட் இருந்தாலும் அது ஒரே ஆளாகத்தான் எண்ணப்படும். 'அக்ரிமென்ட்டில் சம்மதித்தீர்கள்' என்ற பேச்சைக் கேட்டு மிரள வேண்டாம். எதற்கு என்று தெரியாமல் முன்னாலேயே எழுதி வாங்கும் மொத்தச் சம்மதம் போதாது என்று மதுவிஹார் வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம் 2010-இல் சொல்லியிருக்கிறது. அது மகாராஷ்டிரச் சட்டத்தின் கீழ் வந்த தீர்ப்பு. ஆனாலும் அதன் தர்க்கம் உங்களுக்கு நன்றாகவே பொருந்தும்.

நொய்டாவில் இடித்துத் தள்ளிய இரட்டைக் கோபுரங்கள் ஞாபகம் இருக்கிறதா? எமரால்ட் கோர்ட் குடியிருப்பில் முதலில் வாங்கியவர்களுக்குத் தோட்டம் என்று பிளானில் காட்டிய இடம் அது. பிறகு பிளானைத் திருத்தி அங்கே கோபுரங்களை எழுப்பினார்கள். குடியிருப்போர் சங்கம் 2012-இல் அலகாபாத் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2014-இல் இடிக்க உத்தரவானது. உச்ச நீதிமன்றம் 2021 ஆகஸ்ட் 31-இல் அதை உறுதி செய்தது. குடியிருப்போரின் சம்மதம் இல்லாமல் தோட்டத்தை எடுத்ததும் கட்டடங்களுக்கு நடுவே விட வேண்டிய இடைவெளியை விடாததும் அந்தத் தீர்ப்பின் முக்கியக் காரணங்கள். 2022 ஆகஸ்ட் 28 அன்று கோபுரங்கள் தரைமட்டமாயின. வழக்குப் போட்ட நாளிலிருந்து எண்ணினால் பத்து வருஷம். உங்கள் இடத்தில் இப்போது கம்பிதான் கட்டுகிறார்கள். கான்கிரீட் விழுவதற்குள் போய்விட்டால் அவ்வளவு காலம் தேவைப்படாது.

ஆகவே இந்த வாரமே அசோசியேஷன் கூட்டத்தைக் கூட்டித் தீர்மானம் போடுங்கள். படிவம் 'எம்'-இல் ரெரா ஆணையத்திடம் புகார் கொடுங்கள். கூடவே 36-ஆம் பிரிவின் கீழ் கட்டுமானத்தை நிறுத்தி வைக்க இடைக்கால உத்தரவு கேளுங்கள். சிவில் கோர்ட்டில் இன்ஜங்ஷன் வாங்கலாம் என்று யாராவது சொன்னால் யோசியுங்கள். ரெரா முடிவு செய்ய வேண்டிய விஷயங்களில் சிவில் நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்கிறது 79-ஆம் பிரிவு. அங்கே போனால் நாள்தான் வீணாகும், பில்லர் அதற்குள் முதல் மாடியைத் தொட்டுவிடும். புரோஷரைப் பத்திரமாக வையுங்கள். விளம்பரத்தில் பொய் சொல்லி அதை நம்பியவருக்கு நஷ்டம் வந்தால் ஈடு கொடுக்க வேண்டும் என்கிறது 12-ஆம் பிரிவு. ஆனால் அந்த இழப்பீட்டுக்குப் படிவம் 'என்', தீர்ப்பு அலுவலரிடம். இரண்டையும் ஒரே மனுவில் கலந்து போட்டு அலையாதீர்கள்.

கோவை சரவணம்பட்டி வாசகர்: ஓபன் கார் பார்க்கிங்குக்கு என்று பில்டர் என்னிடம் தனியாக 2 லட்சம் வாங்கினார். இப்போது அசோசியேஷன், "அந்த இடம் பொது, மாற்றி ஒதுக்குவோம்" என்கிறது. யார் சொல்வது சரி?

மன வருத்தத்தோடு சொல்கிறேன், அசோசியேஷன் சொல்வதுதான் சரி. ரெரா சட்டத்தில் 'பொது இடம்' என்ற வரையறைக்குள் மாடிப்படி, லிப்ட், மொட்டை மாடியோடு திறந்தவெளி பார்க்கிங்கும் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கிறது. எல்லாருக்கும் சொந்தமானதை ஒருவருக்கு விற்க பில்டருக்கு உரிமை இல்லை. ஸ்டில்ட் பார்க்கிங்கையே தனியாக விற்க முடியாது என்று மும்பை பஞ்சாலி சொசைட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010-இல் தீர்ப்பு சொன்னது. அதுவும் மகாராஷ்டிரச் சட்டத்தை வைத்துத்தான். உங்களுடைய கேள்வி திறந்தவெளியைப் பற்றியது என்பதால் அந்தத் தீர்ப்பு இல்லாமலே பதில் தெளிவு. அசோசியேஷனோடு சண்டைக்குப் போகாமல், அந்த 2 லட்சத்தைத் திருப்பித் தரும்படி பில்டருக்கு நோட்டீஸ் அனுப்புங்கள். ரசீது இல்லையென்றால் பேங்க் ஸ்டேட்மென்ட், வாட்ஸ்அப் உரையாடல் எல்லாம் உதவும்.

திருச்சி வாசகர்: சாவி வாங்கி மூன்று வருஷம். கிளப் ஹவுஸ், ஜிம் இன்னும் பூட்டியே இருக்கின்றன. "எல்லாம் திருப்தி என்று கையெழுத்துப் போட்டுத்தானே குடிவந்தீர்கள்" என்கிறார்கள். கோபத்தில் மெயின்டெனன்ஸ் பணத்தை நிறுத்திவிட்டேன்.

பணத்தை முதலில் கட்டிவிடுங்கள், ஐயா. லிப்டும் மோட்டாரும் ஓடுவது அந்தப் பணத்தில்தான். நிறுத்தினால் குற்றவாளிக் கூண்டில் நீங்கள் நிற்பீர்கள். சாவி வாங்கியதாலேயே வாக்குறுதி தந்த வசதிகளைக் கேட்கும் உரிமை போய்விடாது. கொல்கத்தாவில் இதே நிலையில் இருந்த வீட்டுக்காரர்களின் புகாரை, தெரிந்துதானே குடிபோனீர்கள் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் தள்ளுபடி செய்தது. தேபாஷிஸ் சின்ஹா வழக்கு அது. 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்து, புகாரை மறுபடி விசாரிக்கத் திருப்பி அனுப்பியது. நீங்கள் ரெராவுக்கும் போகலாம், நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், தேர்வு உங்களுடையது. பூட்டைத் திறக்க வைப்பதுதான் நோக்கம் என்றால் ரெராவுக்குப் போகச் சொல்வேன். நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருஷக் கெடு உண்டு. குறை இன்றும் தொடர்கிறது என்று வாதாடலாம்தான், ஆனாலும் இன்னும் தள்ளிப்போடாதீர்கள்.

பெரும்பாக்கம் வாசகர்: எங்கள் வளாகத்தை ஒட்டிய பூங்காவுக்கு வெளி ஆட்கள் வருகிறார்கள். கேட் போட்டுப் பூட்டலாமா?

பூட்டுவதற்கு முன் பிளானில் அந்த இடத்தின் மேல் 'ஓஎஸ்ஆர்' (திறந்தவெளி ஒதுக்கீடு) என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் பத்து சதவீதத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுத்த இடமென்றால் அது ஊர்ச் சொத்து. விற்கும்போது 'உங்கள் பூங்கா' என்று பில்டர் காட்டியிருந்தாலும் பூட்டுப் போட உங்களுக்கு அதிகாரம் இல்லை. பக்கத்துத் தெருப் பிள்ளைகளும் அங்கே ஊஞ்சல் ஆடலாம். விளக்கும் வாட்ச்மேனும் வேண்டுமென்றால் உள்ளாட்சி அலுவலகத்தில் மனு கொடுங்கள்.