வீட்டுக் கணினிக்கு எந்த இலவச ஆன்டிவைரஸ் நல்லது?

கொழும்பில் இருக்கிறீர்கள், விண்டோஸ் 11, பிள்ளைகளின் பாடசாலை வேலைக்குத்தான் கணினி என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் எதையும் புதிதாகப் போட வேண்டாம். விண்டோஸுடன் வரும் டிஃபெண்டரே போதும். ஆனால் அது உண்மையில் இயங்குகிறதா என்று இன்றைக்கே பாருங்கள். நான் ஏமாந்தது அங்கேதான்.

பம்பலப்பிட்டியில் ஒரு பழைய மடிக்கணினி வாங்கினேன். கடைத் தம்பி, "அண்ணா, காசுக்கு விற்கிற ஆன்டிவைரஸை உங்களுக்குச் சும்மா போட்டுத் தந்திருக்கிறேன்" என்றார். மகிழ்ச்சியோடு வெள்ளவத்தைக்கு பஸ் ஏறினேன். அதைத் திருட்டுச் சாவியால், அதாவது காசு கட்டாத உரிம எண்ணால், இயக்கியிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. அதை நுழைப்பதற்காக டிஃபெண்டரையும் அணைத்து வைத்திருந்தார். சாவி செல்லாமல் போனதும் புதுப்பிப்புகள் நின்றுவிட்டன. பச்சை அடையாளம் மட்டும் மூலையில் சிரித்துக்கொண்டிருந்தது.

ஒருநாள் மகளின் ஒப்படையை அச்செடுக்கப் பென் டிரைவைக் கடைக்குக் கொண்டுபோனோம். திரும்பி வந்து செருகினால் கோப்புறைகள் எல்லாம் குறுக்குவழிகளாக (ஷார்ட்கட்) மாறியிருந்தன. மகள் அழத் தொடங்கிவிட்டாள். உங்களுக்கும் இப்படி நேர்ந்தால் பதற வேண்டாம். அந்தக் குறுக்குவழிகளைத் திறக்கவும் வேண்டாம். இந்த வகை வைரஸ் பெரும்பாலும் கோப்புகளை அழிப்பதில்லை, மறைத்துத்தான் வைக்கிறது. மறைந்த கோப்புகளையும் கணினிக்குரிய கோப்புகளையும் காட்டும்படி அமைப்பை மாற்றியதும் ஒப்படை அப்படியே இருந்தது.

கணினியைத்தான் நம்ப முடியவில்லை. கோப்புகளைப் பிரதி எடுத்துக்கொண்டு விண்டோஸைப் புதிதாக நிறுவினேன். வேடிக்கை என்னவென்றால், விண்டோஸின் அசல் உரிமம் கணினியின் தாய்ப்பலகையிலேயே (மதர்போர்டு) பதிந்திருந்தது. விண்டோஸ் 8 காலத்துக்குப் பின் வந்த மடிக்கணினிகள் பலவற்றில் அப்படித்தான்.

அவாஸ்ட் என்ற இலவச ஆன்டிவைரஸ் பற்றியும் கேட்டிருந்தீர்கள். வைரஸ் பிடிப்பதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பயனர்கள் எந்தெந்தத் தளங்களுக்குப் போனார்கள் என்ற விவரத்தை ஜம்ப்ஷாட் என்ற தன் துணை நிறுவனம் வழியாக விற்றதற்காக, 2024இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் 1.65 கோடி டாலர் கட்டச் சொன்னது. ஜம்ப்ஷாட்டை 2020இலேயே மூடிவிட்டார்கள் என்றாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. ஏவிஜி என்ற இன்னொரு இலவச ஆன்டிவைரஸும் 2016 முதல் அவர்களுடையதே.

சந்தேகம் வந்தால் மால்வேர்பைட்ஸ் என்ற வைரஸ் தேடும் மென்பொருளின் இலவசப் பதிப்பை இறக்கி ஒருமுறை சோதிக்கலாம். நாம் கேட்கும்போது மட்டுமே அது தேடும், அதனால் டிஃபெண்டரோடு மோதாது. முழு ஆன்டிவைரஸ் இரண்டை ஒன்றாக ஓடவிடாதீர்கள்.

ஏதாவது மென்பொருளோ விளையாட்டோ "முதலில் டிஃபெண்டரை அணையுங்கள்" என்று சொன்னால், அதை அங்கேயே அழித்துவிடுங்கள். பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள், அவர்கள்தான் இறக்குவார்கள்.