சொட்டுகிற குழாயிலிருந்து ஒரு கட்டுரை

கேள்வி: என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியில் ஒவ்வொரு வருடமும் அதே தலைப்புகளில்தான் கட்டுரை கேட்கிறார்கள்: தண்ணீர், மரம், அறிவியல், கைபேசி, நூலகம், நேரம். அவளும் கைடைப் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டு போகிறாள். தலைப்பு கொஞ்சம் மாறி வந்தால் பேனாவை வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறாள். போன தேர்வில் 'தண்ணீர் சிக்கனம்' வரும் என்று படித்துப் போனாள், 'ஒரு நீர்த்துளி பேசுகிறது' என்று வந்தது. அரைப் பக்கத்தோடு நிறுத்திவிட்டாள். எந்தெந்தத் தலைப்புகளைத் தயார் செய்யவேண்டும், எப்படி?

பதில்: தலைப்புகள் திரும்பத் திரும்ப வருவது உண்மையில் உங்களுக்குச் சாதகம். முப்பது நாற்பது தலைப்புகள் இருப்பது போலத் தெரியும். உட்கார்ந்து பிரித்துப் பார்த்தால் ஐந்து குடும்பங்களுக்குள் அடங்கிவிடும். தண்ணீர், மரம், நெகிழி, காற்று மாசு எல்லாம் ஒரு குடும்பம். கண்டுபிடிப்புகள், கைபேசி, இணையம், விண்வெளி அடுத்தது. நேர்மை, நேரம், உழைப்பு, நட்பு மூன்றாவது. பிடித்த தலைவர், பிடித்த ஆசிரியர், மறக்க முடியாத பயணம், எதிர்காலக் கனவு ஆகியவை நான்காவது. வாசிப்பு, உடல்நலம், பெண்கல்வி, சாலைப் பாதுகாப்பு போன்ற சமூகத் தலைப்புகள் கடைசி. ஆகவே முப்பது கட்டுரைகளை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் கொஞ்சம் சொந்தச் சரக்கு இருந்தால் போதும்.

அந்தச் சொந்தச் சரக்குதான் இப்போது உங்கள் மகளிடம் இல்லை. பல வருடங்களாக விடைத்தாள் திருத்துகிறேன். நாற்பது தாளை எடுத்தால் முப்பது தாள் 'இன்றைய நவீன உலகில்' என்றே தொடங்குகிறது. எழுதிய பிள்ளைகள்மேல் எனக்கு ஒருபோதும் கோபம் வந்ததில்லை, வருத்தம்தான் வரும். வீட்டில் அவ்வளவு பேசுகிற குழந்தை, தாளில் வேறு யாரோ சொல்லிக்கொடுத்த குரலில் பேசுகிறது. கைடில் உள்ள கட்டுரை தலைப்போடு ஒட்டிக்கொண்டிருக்கும். தலைப்பு நகர்ந்தால் அது உதவாது. தானே பார்த்ததும் தானே யோசித்ததும் எந்தத் தலைப்புக்கும் கூடவே வரும்.

தண்ணீரையே எடுத்துக்கொள்வோம். 'நீரின் முக்கியத்துவம்' என்று கேட்டால் ஒரு பதிமூன்று வயதுக் குழந்தை எங்கிருந்து தொடங்கும்? தலைப்பு கடல் அளவு பெரியது. எனவே முதல் வேலை, அதைக் கையில் பிடிக்கிற அளவுக்குச் சுருக்குவது. என் வகுப்பில் ஒரு மாணவி இதைச் செய்துகாட்டினாள். வீட்டில் சொட்டுகிற குழாய் ஒன்று இருக்கிறது என்றாள். அதன் கீழே ஒரு டம்ளரை வைத்து, நிரம்ப எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்த்துவரச் சொன்னேன். மறுநாள் அவள் எழுதிக்கொண்டு வந்தது ஏறக்குறைய இப்படி இருந்தது:

"எங்கள் வீட்டுப் பின்பக்கக் குழாய் சொட்டிக்கொண்டே இருக்கும். நேற்று அதன் கீழே 200 மில்லி டம்ளரை வைத்தேன். 12 நிமிடத்தில் நிரம்பிவிட்டது. ஒரு மணி நேரத்துக்கு ஐந்து டம்ளர், அதாவது ஒரு லிட்டர். ஒரு நாளைக்கு 24 லிட்டர். இத்தனை நாளும் அந்தச் சத்தம் எனக்குக் கேட்டதே இல்லை."

கடைசி வாக்கியத்தைப் பாருங்கள். எந்தக் கைடிலும் அது கிடைக்காது. ஒரு ஆள் நாளைக்கு இரண்டு லிட்டர் குடிப்பதாக வைத்துக்கொண்டால், பன்னிரண்டு பேருக்கான குடிநீர் அந்த ஒரு குழாயில் போய்விடுகிறது. இந்தக் கணக்கையும் பிள்ளையே போட்டுவிடும்.

அப்புறம்தான் புத்தகத்தில் உள்ள தகவலுக்கு வரவேண்டும். உலகில் உள்ள மொத்த நீரில் சுமார் 97 சதவீதம் கடல்நீர். நன்னீர் ஏறக்குறைய 2.5 சதவீதம்தான். அதிலும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பனியாக உறைந்து கிடக்கிறது. இதை அப்படியே எழுதினால் வெறும் எண்ணாக நிற்கும். 'உலகின் நீர் முழுவதும் 100 லிட்டர் என்று வைத்துக்கொண்டால்' என்று தொடங்கச் சொல்லுங்கள். நன்னீர் இரண்டரை லிட்டர். அதில் பனியையும் நிலத்தடி நீரையும் கழித்துவிட்டால், ஏரிகளிலும் ஆறுகளிலும் இருப்பது இரண்டு டீஸ்பூனுக்கும் குறைவு. குழாயில் தொடங்கிய கட்டுரை டீஸ்பூனுக்கு வந்துவிட்டது. நடுவில் ஒரு இடத்தில்கூட 'நீர் மிகவும் இன்றியமையாதது' என்று சொல்லவேண்டிய அவசியம் வரவில்லை. படிக்கிறவர் தானே அந்த முடிவுக்கு வந்துவிடுவார்.

சுற்றுச்சூழல் தலைப்புகளில் இன்னொரு சிக்கல் உண்டு. மனிதன் கெடுத்துவிட்டான், அழித்துவிட்டான் என்று புலம்பிக்கொண்டே போய், 'ஆகவே நாம் அனைவரும் இயற்கையைக் காப்போம்' என்று முடித்துவிடுவார்கள். எப்படிக் காப்பது என்பதற்கு ஒரு உதாரணம்கூட இருக்காது. வெயிலின் புற ஊதாக் கதிர்களை வானிலேயே தடுக்கிற ஓசோன் படலத்தின் கதையைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். அண்டார்டிகாவுக்கு மேலே ஓசோன் வெகுவாகக் குறைந்திருப்பதை 1985-இல் பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். குளிர்சாதனப் பெட்டியிலும் ஸ்பிரே டப்பாவிலும் பயன்பட்ட குளோரோஃபுளோரோகார்பன் வாயுக்கள்தான் காரணம். இரண்டே வருடத்தில், 1987-இல், அந்த வாயுக்களைக் கட்டுப்படுத்தும் மாண்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தானது. பிற்பாடு ஐ.நா.வின் எல்லா உறுப்பு நாடுகளும் அதை ஏற்றுக்கொண்டன. படலம் இப்போது மெல்ல மீண்டுவருகிறது. 'காப்போம்' என்று பத்து முறை எழுதுவதைவிட, காப்பாற்றிய ஒரு கதையை எழுதுவது எவ்வளவு பலம் என்று யோசித்துப் பாருங்கள்! மரம் பற்றிய கட்டுரைக்கும் ஒரு சின்னக் குறிப்பு. ஆக்சிஜன் முழுவதையும் மரங்களே தருவதாக எழுதிவிடுவார்கள். பூமியில் உற்பத்தியாகும் ஆக்சிஜனில் ஏறக்குறைய பாதி, கடலில் மிதக்கிற நுண்ணுயிர்களிடமிருந்து வருகிறது. இது தெரிந்த குழந்தை மரத்தைப் பற்றிச் சொல்ல வேறு என்ன இருக்கிறது என்று தேடும். நிழல், மண், பறவை, வேர் என்று கண்ணில் படுவதை எழுதத் தொடங்கும்.

அறிவியல் தலைப்புகளில் பட்டியல் போடும் பழக்கத்தை நிறுத்தச் சொல்லுங்கள். மின்விளக்கு, தொலைபேசி, விமானம், கணினி என்று பத்துப் பெயரும் பத்து வருடமும் எழுதினால் பொதுஅறிவு வினாவிடை போல இருக்கும். ஒரே ஒரு கண்டுபிடிப்பை எடுத்து, அது எப்படி நடந்தது என்று சொன்னால் போதும். நான் அடிக்கடி சொல்வது பென்சிலின். 1928-இல் அலெக்சாண்டர் ஃபிளெமிங் விடுமுறை முடிந்து ஆய்வகத்துக்குத் திரும்பியபோது, பாக்டீரியா வளர்த்துவந்த தட்டு ஒன்றில் பூஞ்சை பிடித்திருந்தது. அந்தப் பூஞ்சையைச் சுற்றி மட்டும் பாக்டீரியா இல்லை. எல்லாரும் இந்த இடத்தோடு கதையை முடித்துவிடுவார்கள். ஆனால் அது மருந்தாக நோயாளிக்குப் போய்ச்சேரப் பத்து வருடத்துக்கு மேல் ஆனது. ஹோவர்ட் ஃபுளோரி, எர்ன்ஸ்ட் செயின் ஆகியோரின் உழைப்பு அதற்குப் பின்னால் இருக்கிறது. 1945-இல் நோபல் பரிசு மூவருக்கும் சேர்த்துத்தான் கிடைத்தது. 'கண்டுபிடித்த நாளுக்கும் பயன்பட்ட நாளுக்கும் நடுவில் என்ன நடந்தது?' என்ற கேள்வி ஒன்று போதும், எந்த அறிவியல் கட்டுரையும் உயிர் பெற்றுவிடும்.

கைபேசி பற்றித் தனியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் 'நன்மையும் தீமையும்' என்று அதிகம் கேட்கப்படுவது அதுதான். நன்மை ஐந்து, தீமை ஐந்து, 'அளவோடு பயன்படுத்துவோம்' என்று ஒரு முடிவு. அதைப் படித்து முடித்தபின், எழுதிய பிள்ளை என்ன நினைக்கிறது என்றே தெரியாது. ஒரு நாள் முழுவதும் உங்கள் மகளிடம் ஒரு சின்ன நோட்டைக் கொடுங்கள். கைபேசியை எடுக்கும்போதெல்லாம் எதற்காக எடுத்தாள், கடைசியில் என்ன செய்தாள் என்று ஒரு வரி எழுதட்டும். 'வீட்டுப்பாடம் கேட்க எடுத்தேன். நாற்பது நிமிடம் வீடியோ பார்த்தேன். வீட்டுப்பாடம் கேட்கவில்லை.' இப்படி நாலு வரி கிடைத்தால் கட்டுரையின் நடுப்பகுதி தயார். முன்னுரைக்கு வேண்டுமானால், மோட்டோரோலா நிறுவனப் பொறியாளர் மார்ட்டின் கூப்பர் 1973 ஏப்ரல் 3 அன்று கையில் பிடித்துப் பேசிய முதல் கைபேசி ஒரு கிலோவுக்கும் மேல் எடை என்பதைச் சேர்க்கலாம்.

நேர்மை, நேரம், உழைப்பு. இவைதான் கடினமானவை. தொட்டுப் பார்க்க எதுவும் இல்லாததால் பிள்ளைகள் உடனே மேற்கோளுக்கும் பெரியவர்களின் கதைக்கும் ஓடுகிறார்கள். இங்கே கவனம் வேண்டும். அமெரிக்க அதிபர் வாஷிங்டன் சிறுவயதில் செர்ரி மரத்தை வெட்டிவிட்டு அப்பாவிடம் உண்மையைச் சொன்னார் என்று நேர்மைக் கட்டுரைகளில் படித்திருப்பீர்கள். அவர் இறந்த பிறகு வாழ்க்கை வரலாறு எழுதிய ஒருவர் சேர்த்த கதை அது, நடந்ததற்கு ஆதாரம் இல்லை. நேர்மையைப் பற்றிய கட்டுரையில் நடக்காத ஒன்றை நடந்ததாக எழுதுவது எனக்கு மனசு ஒப்பவே இல்லை. மேற்கோளும் அப்படித்தான். யார் சொன்னது, எங்கே சொன்னது என்று தெரிந்தால் மட்டும் போடலாம், இல்லாவிட்டால் விட்டுவிடலாம். அதற்குப் பதிலாகத் தன் வாழ்வில் நடந்த சின்ன விஷயம் ஒன்று: ஆசிரியர் தவறுதலாகக் கூட்டிப்போட்ட இரண்டு மதிப்பெண்ணைச் சொன்னதோ, சொல்லாமல் விட்டு இரவெல்லாம் உறுத்தியதோ. உண்மையாக இருந்தால் மூன்று வரியே ஒரு பக்கத்தைத் தாங்கும்.

பயணம், பிடித்த மனிதர், கனவு பற்றிய தலைப்புகளுக்குத் தனிப் பயிற்சி வேண்டாம். அவளாகவே எழுதுவாள். ஒரு நாள் முழுவதையும் காலையிலிருந்து இரவு வரை சொல்லாமல் ஒரு மணி நேரத்தை மட்டும் சொல்லச் சொல்லுங்கள். சமூகத் தலைப்புகளுக்கும் தண்ணீருக்குச் சொன்ன அதே வழிதான்.

சரி, வீட்டில் எப்படிச் செய்வது? குடும்பத்துக்கு ஒரு தாள் போடுங்கள். அதில் அவள் நேரில் பார்த்தது ஒன்று, உறுதியாகத் தெரிந்த தகவல் ஒன்றிரண்டு, அவளுக்கே பதில் தெரியாத ஒரு கேள்வி, இவ்வளவு போதும். மனப்பாடம் செய்யவேண்டியது அந்தத் தகவலில் உள்ள பெயரையும் வருடத்தையும் மட்டும்தான். எழுத உட்காரும் முன் பத்து நிமிடம் உங்களிடம் வாயால் சொல்லட்டும். நன்றாகச் சொன்ன வாக்கியத்தை நீங்களே குறித்துவையுங்கள், எழுதும்போது 'இப்படித்தான் நீ சொன்னாய்' என்று காட்டுங்கள். பேசும்போது வருகிற தெளிவு எழுத்தில் காணாமல் போவது இந்த வயதில் எல்லாப் பிள்ளைகளுக்கும் நடப்பதுதான். முதல் வாசிப்பில் ஒற்றுப்பிழையைத் திருத்தாதீர்கள். சிவப்பு மையைப் பார்த்தால் அடுத்த முறை தெரிந்த நாலு வார்த்தைக்குள்ளேயே ஒதுங்கிக்கொள்வாள். பிழைகளை மறுநாள் தனியாகப் பாருங்கள்.

பள்ளியில் குறிப்புச் சட்டகம், முன்னுரை, உட்தலைப்பு, முடிவுரை கட்டாயம் என்றால் தாராளமாக எழுதட்டும், மதிப்பெண் அதற்கும் உண்டு. அந்தப் பெட்டிகளுக்குள் என்ன வைக்கிறாள் என்பது அவள் கையில் இருக்கிறது. முன்னுரையில் குழாய், உட்தலைப்பில் கணக்கும் டீஸ்பூனும், முடிவுரையில் மறுபடியும் குழாய். தேர்வில் அரை மணி நேரம் இருந்தால் முதல் ஐந்து நிமிடம் எழுதவே கூடாது, யோசிப்பதற்கு மட்டும். கைடைத் தூக்கிப்போட வேண்டாம். கலைச்சொற்களும் எழுத்துக்கூட்டும் பார்க்க அது உதவும். ஆனால் கட்டுரை எழுதிமுடித்த பிறகு பார்க்கட்டும்.

இப்போது அந்த 'நீர்த்துளி பேசுகிறது' தலைப்புக்கு வருகிறேன். குழாயில் டம்ளர் வைத்துப் பார்த்த குழந்தைக்கு அந்தத் துளி எங்கே தொங்குகிறது, எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை விழுகிறது, கீழே என்ன சத்தம் கேட்கிறது என்பதெல்லாம் தெரியும். 'குழாய் வாயில் தொங்கிக்கொண்டிருக்கிறேன். எனக்கு முன்னால் போனவர்கள் எல்லாரும் சாக்கடைக்குத்தான் போனார்கள்' என்று தொடங்கினால் மீதியை அந்தத் துளியே சொல்லிவிடும். இந்த வாரம் உங்கள் வீட்டில் எந்தக் குழாய் சொட்டுகிறது என்று இருவரும் சேர்ந்து பாருங்கள். ஒன்றும் சொட்டவில்லை என்றால், பல் துலக்கும்போது திறந்துவிட்ட குழாயின் கீழே ஒரு வாளியை வைத்துப் பாருங்கள்.